ராடாரில் மூன்று புள்ளிகள்

ராடார் அதிகாரி சிங்காரவேலுவின் குரலைக் கேட்டாலே விமானிகளுக்கு வேர்க்கும். அன்று எஞ்சின் இல்லாத கிளைடரில் வட்டமடித்துக்கொண்டிருந்த பிலோமினா மாட்டிக்கொண்டாள்.

"திரையில மூணு புள்ளி தெரியுது. உன்கூட யாரு அந்த ரெண்டு பேர்? ரேடியோவுல கூப்பிட்டா பதிலே இல்ல! மூணு பேரும் உடனே எங்க வான் எல்லைய விட்டு வெளிய போகணும். இல்லன்னா உன் லைசென்ஸ் போயிடும்!"

"நான் போயிடுறேன் சார். அவங்களை நீங்கதான் கூப்பிடணும். உங்க ஆபீஸ்லதான் குடியிருக்காங்க."

"யாரும்மா அது?"

"உங்க ராடார் கோபுரத்துல கூடு கட்டியிருக்கிற பருந்துங்க சார். அதுங்க சுத்துற இடத்துலதான் காத்து மேல தூக்கும். அதான் பின்னாடியே வந்தேன்."

ராடார் அறையே சிரிப்பது ரேடியோவில் கேட்டது. சிங்காரவேலு கனைத்துக்கொண்டார்.

"சரிம்மா. இருட்டுறதுக்குள்ள மூணு பேரும் வீடு வந்து சேருங்க."