ஒத்திகையில் தீர்ந்த போர்வைகள்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், விலங்குப் பிள்ளைகளும் பறவைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது, குழந்தைகளே. அந்தப் பள்ளியில் மாணவர் தொண்டு மன்றம் என்று ஒன்று. அதற்குத் தலைவர் மயில். செயலாளர் மரங்கொத்தி. மயிலுக்கு எப்போதும் தன்னை நாலு பேர் பார்க்க வேண்டும். மரங்கொத்திக்கு எல்லாம் வரிசைப்படி நடக்க வேண்டும்.

மன்றத்தின் பொருள்களைப் பத்திரமாக வைத்திருக்கும் வேலை சருகுமானுக்கு. அது முயலைவிடச் சற்றே பெரிய, குட்டையான மான். காய்ந்த இலைகளுக்கு நடுவே நின்றால் கண்ணுக்கே தெரியாது. பயந்த சுபாவம். யார் எதைச் சொன்னாலும் "சரி" என்றுதான் சொல்லும். அதனால்தான் அந்த வேலை அதற்குக் கிடைத்தது.

மன்றத்தில் சேருகிறவர்கள் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். "கேட்பதற்கு முன்னால் கொடுப்போம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டமாட்டோம்." மற்றவர்கள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். சருகுமான் சொன்னபோது அதற்குக் குரல் தழுதழுத்துவிட்டது. பாவம், அது அந்தச் சொற்களை அப்படியே நம்பிவிட்டது.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. ஓடை கரை புரண்டது. கரையோர வளைகளில் குடியிருந்த முயல்கள், எலிகள், பெருச்சாளிகள் என்று நாற்பது குடும்பங்கள் தோண்டிய வளையோடு எல்லாவற்றையும் இழந்தன. பள்ளிக்கு வலப்பக்கத்து மேட்டில் ஒரு குகை இருந்தது. அதில் போய் ஒண்டிக்கொண்டன. மேலே நனையவில்லை என்றாலும் கீழே வெறும் பாறை. குளிர் எலும்பைக் குடைந்தது.

மன்றம் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மயில் வீடு வீடாகப் போய் இலவம்பஞ்சு கேட்டது. மரங்கொத்தி தூக்கணாங்குருவிகளைக் கூட்டிவந்து உட்கார வைத்தது. இரண்டே நாளில் நாற்பது பஞ்சுப் போர்வைகள் தயாராகிவிட்டன. மெத்தென்று, கதகதவென்று, குடும்பம் முழுவதும் படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய போர்வைகள்.

கடைசிப் போர்வையை மடித்து வைத்ததும் சருகுமான் துள்ளிக்கொண்டு எழுந்தது.

"தலைவரே, குகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடட்டுமா?"

மயில் அதை ஏற இறங்கப் பார்த்தது. "கொண்டுபோயா? விழா இல்லாமலா?"

"விழாவா?"

"சிறப்பு விருந்தினர் கரடியார் நாளை வருகிறார். அவர் கையால்தான் கொடுக்க வேண்டும். கிளி வந்து பார்க்க வேண்டும், காடு முழுக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாம் கொடுத்தது யாருக்குத் தெரியும்?"

"வாங்கிக்கொண்டவர்களுக்குத் தெரியுமே!" என்று சொல்ல நினைத்தது சருகுமான். ஆனால் வாயில் வந்தது, "சரி."

மறுநாள் விடிந்ததும் மரங்கொத்தி குகைக்குப் பறந்துபோய் நாற்பது குடும்பங்களையும் பள்ளி மைதானத்துக்கு வரவழைத்தது. பட்டியலில் உள்ளபடி வரிசையாக உட்கார வைத்தது. மேடை ஒரு பெரிய பாறையின் அடியில் இருந்தது. மேடைக்கு மேலே கூரை மாதிரி பாறை நீட்டிக்கொண்டிருந்ததால் மன்றத்தார் நனையவில்லை. போர்வைகளும் நனையவில்லை. மைதானத்துக்கு ஏது கூரை?

விழா காலையில் என்றார்கள். கரடியார் வரவில்லை. தூறல் ஆரம்பித்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்!" என்று மேடையிலிருந்து கூவியது மயில். மழை என்றால் மயிலுக்கு ஆடத் தோன்றும். ஆனால் தோகை நனைந்தால் விழாவுக்கு எடுபடாது என்று அன்று பாறையின் அடியை விட்டு நகரவில்லை.

கரடியாருக்கு அன்று மூன்று விழாக்கள். முதல் இரண்டிலும் தேன் கொடுத்து வரவேற்றார்கள். தேனைக் கண்டால் கரடியார் எழுந்திருப்பாரா?

சும்மா இருக்க வேண்டாமென்று மரங்கொத்தி எல்லோரையும் எழுப்பி உறுதிமொழி சொல்ல வைத்தது. "கேட்பதற்கு முன்னால் கொடுப்போம்..." என்று மேடையில் இருந்தவர்கள் சொன்னார்கள். மைதானத்தில் இருந்தவர்களுக்குப் பல் தந்தியடித்தது. கரடியார் வரக் காணோம் என்பதால் உறுதிமொழியை இன்னொரு முறையும் எடுத்தார்கள்.

சருகுமானால் நிற்க முடியவில்லை. மெல்ல இறங்கி வரிசையோரமாக நடந்தது. முதல் வரிசையில் ஒரு தாய் முயல் நான்கு குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறந்து ஐந்தே நாளான குட்டிகள். உடம்பில் இன்னும் சரியாக முடி முளைக்கவில்லை.

"அக்கா, குகைக்கே போய்விடக் கூடாதா? அங்கே நனையாமலாவது இருக்கலாமே" என்றது சருகுமான்.

"எழுந்து போனால் பெயரை அடித்துவிடுவோம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறாரே, கண்ணு. பிறகு போர்வை கிடைக்காதே." தாய் முயல் ஒரு குட்டியை முகர்ந்து பார்த்தது. "மூன்று கத்திக்கொண்டே இருக்கின்றன. இது மட்டும் கத்துவதை நிறுத்திவிட்டது. கத்தினால் தேவலை."

சருகுமான் அந்தக் குட்டியைத் தன் மூக்கால் தொட்டுப் பார்த்தது. ஈரக் கல்லைத் தொட்டது போல் இருந்தது.

ஒரே ஓட்டமாக மேடைக்கு ஓடியது. "தலைவரே! ஒரு குட்டிக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. அந்த அக்காவுக்கு மட்டும் ஒன்று கொடுத்துவிடலாமா?"

"ஒன்று கொடுத்தால் முப்பத்தொன்பதுதான் இருக்கும்" என்றது மரங்கொத்தி. "அழைப்பில் நாற்பது என்று சொல்லியிருக்கிறோம்."

"பொறுமையாக இரு, சருகு. சேவை என்றால் பொறுமை வேண்டும்" என்றது மயில்.

மழையில் உட்கார்ந்திருந்தது மயில் அல்லவே!

சருகுமானுக்கு அழுகை வந்தது. போர்வைகளைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று பார்த்தது. அதன் முதுகு ஒரே ஒரு போர்வையைத்தான் தாங்கும். மீதி முப்பத்தொன்பது? அதோடு, அந்தக் கால்களுக்கு அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வரும்?

மரங்கொத்தி பட்டியலை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தது. தனக்குத்தானே முணுமுணுத்தது: "போன தடவை அந்த ஆமை இடப்பக்கம் திரும்பித் தொலைத்து, விருந்தினர் காலிலேயே இடித்து, மல்லாந்து விழுந்துவிட்டது. என்ன அவமானம்! இந்தத் தடவை யார் என்ன செய்யப் போகிறார்களோ?"

சருகுமானின் காதுகள் நிமிர்ந்தன.

"செயலாளரே," என்றது தயங்கித் தயங்கி, "கரடியார் வருவதற்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டால் என்ன?"

மரங்கொத்தி நிமிர்ந்து பார்த்தது. "ஒத்திகையா?"

"மேடை ஏறுவது, போர்வையை வாங்குவது, வணங்குவது, வலப்பக்கம் இறங்கிப் போவது. ஒருமுறை பழகிவிட்டால் யாரும் மல்லாந்து விழமாட்டார்கள். கரடியார் இடத்தில்தான் யாராவது நின்று கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கம்பீரம் வேண்டுமே..."

"நான் இருக்கிறேனே!" என்று தோகையைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தது மயில். "ஒத்திகை என்றால் அரைகுறையாக இருக்கக் கூடாது. உண்மையாக எப்படி நடக்குமோ அப்படியே நடக்க வேண்டும். இது ஒத்திகை என்ற நினைப்பே யாருக்கும் வரக் கூடாது. புரிந்ததா, சருகு?"

"சரி," என்றது சருகுமான்.

தலைவர் சொன்னபடியே இது ஒத்திகை என்று அது யாரிடமும் சொல்லவில்லை.

மரங்கொத்தி பெயர் கூப்பிட்டது. மயில் கழுத்தை வளைத்துப் போர்வையை எடுத்துக் கொடுத்தது. சருகுமான் மேடையின் வலப்பக்கம், படி இறங்கும் இடத்தில் போய் நின்றுகொண்டது.

முதலில் வந்தது ஒரு கிழட்டுப் பெருச்சாளி. போர்வையை வாங்கியது, வணங்கியது, வலப்பக்கம் இறங்கியது.

"நேராகக் குகைக்குப் போங்கள், ஐயா" என்று காதோரம் சொன்னது சருகுமான். "எங்கேயும் நிற்காதீர்கள்."

"பேச்செல்லாம் கேட்க வேண்டாமா, பிள்ளை?"

"அது உங்களுக்கு அங்கேயே கேட்கும்."

அடுத்து எலிக் குடும்பம். அதற்கடுத்து தாய் முயல். படி இறங்கும்போதே முயல் குட்டிகளைப் பஞ்சில் சுற்றிவிட்டது. மன்றத்திலிருந்து தன்னைத் துரத்திவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். அந்த மன்றத்தை அதற்கு எவ்வளவு பிடிக்கும்! ஆனாலும் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தது: "நேராகக் குகைக்கு. போர்வை நனைவதற்குள், சீக்கிரம்."

மரங்கொத்திக்கு ஒரே மகிழ்ச்சி. யாரும் இடப்பக்கம் திரும்பவில்லை. யாரும் மல்லாந்து விழவில்லை. ஒரு பெயர் முடிந்ததும், தலை நிமிராமலே பட்டியலில் ஒரு கொத்து கொத்தியது. நாற்பது கொத்து முடிந்தது.

"அருமை! இப்போது சிறப்புரை!" என்றது மயில். கண்ணை மூடிக்கொண்டால்தான் அதற்குப் பேச்சு வரும். கண்ணை மூடிக்கொண்டு தொண்டின் பெருமையைப் பேசியது, ஈகையைப் பேசியது, தன்னைப் பற்றியும் கொஞ்சம் பேசியது. பேசி முடித்துக் கைதட்டலுக்காகக் காத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தது.

மைதானத்தில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"எங்கே எல்லோரும்?"

"போய்விட்டார்கள், தலைவரே."

"போர்வைகள்?"

"கொடுத்தாகிவிட்டது."

"யார் கொடுத்தது?" என்று அலறியது மயில்.

"நீங்கள்தான்" என்றது சருகுமான்.

அந்த நேரம் பார்த்துத்தானா கரடியார் வர வேண்டும்? மோவாயெல்லாம் தேன் வழிய, தோளில் கிளியோடு, ஆடி அசைந்து மேடை ஏறினார். "சீக்கிரம், சீக்கிரம்! எனக்கு வேறு வேலை இருக்கிறது. எங்கே ஏழைகள்?"

மயில் மரங்கொத்தியைப் பார்த்தது. மரங்கொத்தி காலியாகிவிட்ட மேடையைப் பார்த்தது. அடுத்த கணம் குகையை நோக்கிப் பறந்தது.

குகைக்குள் நுழையும் முன்பே ஒரு குட்டி முயல் வீறிட்டுக் கத்தும் சத்தம் கேட்டது. உள்ளே நாற்பது போர்வைகளும் விரிந்து கிடந்தன. பலவற்றில் நாலைந்து தலைகள் தெரிந்தன.

"ஐயா, அம்மா, தயவு செய்யுங்கள்!" என்று கெஞ்சியது மரங்கொத்தி. "போர்வைகளைக் கொஞ்ச நேரத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். கரடியார் வந்துவிட்டார். கொடுப்பதற்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை. மானம் போய்விடும்!"

யாரும் அசையவில்லை. தாய் முயல் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டது.

மரங்கொத்தியின் இறகிலிருந்து தண்ணீர் சொட்டியது. அலகு கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கிழட்டுப் பெருச்சாளி அதைப் பார்த்தது.

"ஐயோ, பாவம்" என்றது. "இந்தப் பிள்ளைகளுக்கு நம்மைவிடத் தேவை அதிகம் போலிருக்கிறதே. நானோ தனியாள். என் போர்வையைக் கொண்டுபோகிறேன். கேட்கிறவர்களுக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது?"

அந்தக் கிழம் மழையில் நனைந்துகொண்டே மறுபடியும் மைதானத்துக்கு வந்து, தன் போர்வையை மயிலிடம் கொடுத்தது. மயில் அதைக் கரடியாரிடம் கொடுத்தது. கரடியார் அதைப் பெருச்சாளியிடம் கொடுத்தார். பெருச்சாளி வணங்கியது. மன்றத்தார் கைதட்டினார்கள். கரடியார், "ஏழைக்குக் கொடுக்கும்போது மனம் எப்படி நிறைகிறது, பார்த்தீர்களா!" என்று சொல்லிவிட்டு, தேன் இருக்கிறதா என்று கேட்டார்.

பெருச்சாளி நனைந்த போர்வையைச் சுமந்துகொண்டு குகைக்குத் திரும்பியது. முதல் தடவை வாங்கும்போது காய்ந்திருந்த போர்வை அது.

மாலையில் மன்றம் கூடியது. உறுதிமொழி எடுத்துக்கொண்டதும் சருகுமானின் வழக்கை விசாரித்தார்கள்.

"என்ன குற்றம் செய்தேன்?" என்று கேட்டது சருகுமான். அப்படிக் கேட்டது அதன் வாழ்நாளிலேயே அதுதான் முதல் தடவை.

"முன் அனுமதி இல்லாமல் உதவி செய்திருக்கிறாய்" என்று பட்டியலைப் பார்த்துப் படித்தது மரங்கொத்தி.

சருகுமானை மன்றத்திலிருந்து நீக்கினார்கள். அதற்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. எங்கே போவது என்று தெரியாமல் குகைப் பக்கம் போயிற்று. உள்ளே பெருச்சாளியின் ஈரப் போர்வையைப் பாறைமேல் காயப் போட்டிருந்தார்கள். பெருச்சாளி எலிக் குடும்பத்தோடு படுத்திருந்தது. தாய் முயல் சருகுமானைக் கண்டதும், "வா, கண்ணு" என்று தன் போர்வையின் ஓரத்தைத் தூக்கிவிட்டது.

அது அடங்கிப் படுப்பதற்குள் வெளியே கிளியின் குரல் கேட்டது. கிளி மரத்துக்கு மரம் தாவிச் செய்தி சொல்லிக்கொண்டே போயிற்று.

"மாணவர் தொண்டு மன்றத்தின் அரும்பணி! ஒரே நாளில் நாற்பத்தொரு போர்வைகள் வழங்கினார்கள்! இந்த ஆண்டின் சிறந்த மன்றம் இதுவே! நாற்பத்தொரு போர்வைகள்!"

தாய் முயல் புருவத்தைச் சுளித்தது. "நாற்பதுதானே இருந்தது?"

"நாற்பது அவர்கள் கொடுத்தது, அக்கா" என்றது சருகுமான். "ஒன்று அவர்களுக்கு இந்த ஐயா கொடுத்தது. அதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்."

பெருச்சாளிதான் முதலில் சிரித்தது.

நீதி: குளிரில் நடுங்குகிறவரைக் காக்க வைத்துக் கொடுப்பதற்குப் பெயர் விழா, உதவி அல்ல.