வட்டம் போட்ட எறும்புகள்

எறும்புகளும் ராஜ்யம் ஆண்ட காலம் ஒன்று உண்டு, பிள்ளைகளே. நம்பாதவர்கள் எழுந்து போகலாம். மற்றவர்கள் கிட்டே வாருங்கள்.

ஒரு புங்கமரத்தடியில் ஓர் எறும்புப் புற்று இருந்தது. அதற்கு ராணி செம்மணி. வாசல் காவலுக்கு நெடுங்கொம்பர் என்ற பெரியவர். முன்னால் போனவர்களின் கால்மணம் இல்லாத வழியில் யாரும் போகக்கூடாது என்பது அவருடைய சட்டம். சட்டத்தில் நியாயமும் இருந்தது. முன்பொரு முறை, எங்கோ சர்க்கரை மலை இருக்கிறது என்ற பேச்சை நம்பிக் கூட்டமே கிளம்பியது. பாதிப்பேர் வெயிலில் கருகிப் போனார்கள்.

அந்த வருஷம் மழைக்காலம் நெருங்கிவிட்டது. களஞ்சியத்தில் ஒரு மணி தானியம் இல்லை. குஞ்சுகள் பசியில் நெளிந்தன.

கோணங்கி என்றொரு எறும்பு. பெயருக்கேற்ற நடை. "பெரியவரே, பனைமரத்துல ஏறிப் பாக்கட்டுமா?" என்றான்.

"அங்க கால்மணம் உண்டா?"

"இல்ல."

"அப்ப போய் வேலையப் பாரு!"

கல்சுவர்ப் பக்கம் போகட்டுமா என்று கேட்டான். அதே பதில். முள்வேலிப் பக்கமாவது போகட்டுமா என்று கேட்டான். அதே பதில்தான்.

பழைய வழியில் தானியம் எடுக்கப் போயிருந்த கூட்டமோ திரும்பவே இல்லை. கோணங்கி அதே வழியில் போய்ப் பார்த்தான். களத்து மேட்டில் காற்று மணத்தைக் கலைத்திருந்தது. முன்னே போனவர்கள் வளைந்து, கடைசியில் வந்தவர்களின் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். கூட்டம் முழுவதும் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது!

"எங்க போறீங்க?"

"தானியத்துக்கு! மணம் எவ்வளவு பலமா இருக்கு பாரு. இத்தனை பேர் நடக்கிற வழி தப்பாகுமா?"

கோணங்கி ஓடிவந்து ராணியிடம் சொன்னான். செம்மணி துடித்துப் போனாள். "இவனைப் புது வழி தேட விடுங்க, பெரியவரே. ஆனா கோணங்கி, மிச்சம் இருக்கிற எல்லாரையும் உன்கூட அனுப்ப மாட்டேன். நாலைஞ்சு பேர்தான்."

முதலில் பனைமரத்தில் ஏறினார்கள்; அங்கே வெறும் காற்று, வெறும் வாயோடு வாசலுக்குத் திரும்பினார்கள். நெடுங்கொம்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கல்சுவரில் பல்லி பாய்ந்து கோணங்கியின் ஒரு காலைப் பிடுங்கியது. "நான் அப்பவே சொன்னேனே!" என்றார் பெரியவர். முள்வேலியடியில், குருவிக்கூட்டிலிருந்து உதிர்ந்த கம்புத் தானியம் குவிந்து கிடந்தது!

கோணங்கி ஒரு மணியைக் கவ்விக்கொண்டு, நொண்டி நொண்டி, அந்த வட்டத்தின் குறுக்கே நடந்தான். கம்பு வாசனைக்கு ஒரு தலை திரும்பியது. பிறகு இன்னொன்று. வட்டம் உடைந்து, கூட்டம் அவன் பின்னால் முள்வேலிக்குப் போய்க் கம்பைச் சுமந்து வந்தது. முதல் மழை விழுமுன் குஞ்சுகள் வயிறார உண்டு தூங்கின.

"இனிமே எல்லாரும் இஷ்டப்படி திரியலாமாக்கும்?" என்று முறுக்கிக்கொண்டார் நெடுங்கொம்பர்.

ராணி சிரித்தாள். "பலரும் பழைய வழியிலயே போகட்டும். தேடப் போற சிலரை மட்டும் மறிக்காதீங்க. திரும்பி வரும்போது வாயை மோந்து பாருங்க."

பெரியவர் கோணங்கியின் வாயை முகர்ந்தார். ஒன்றுக்கு இரண்டு முறை முகர்ந்தார். "கம்புதான்" என்று ஒப்புக்கொண்டு, வாசலை விட்டு ஓர் அடி விலகி நின்றார்.

ஆகவே, புதிய எண்ணத்தைப் புறப்படும்போதே தடுக்காமல், சிறிதாகச் சோதித்து, அது கொண்டுவருவதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதே அறிவு.