ஆறாவதைச் சொன்ன பூனை

புதுச்சேரியில் ஒரு வீட்டுத் தோட்டத்து அல்லிக்குளக் கரையில் ஒரு சாம்பல் பூனையும், ஒரு மைனாவும், ஓர் அணிலும், ஒரு தவளையும், ஒரு காகமும் இருந்தன.

அந்த வீட்டில் ரொசாலி அம்மாள் காலையில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பார். பூனை ஜன்னலுக்குக் கீழே படுத்துக்கொண்டு கேட்கும். மைனா ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கேட்கும்.

ரொசாலி அம்மாள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வினைச்சொல்லை எடுத்தால் நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறையும் சொல்லி முடிக்க வேண்டும். ஒருவர் திக்கி நின்றால் பக்கத்தில் இருப்பவர் உடனே எடுத்துச் சொல்ல வேண்டும். ஆறாவது வராமல் பாடம் முடியாது.

பூனைக்கு ஆறும் மனப்பாடம். அதனால் தலைக்கனமும் ஏறிவிட்டது.

"இனிமேல் என்னை யாரும் பூனை என்று கூப்பிடக்கூடாது. பிரெஞ்சில் 'ஐயா' என்பதுபோல, முசியே என்று கூப்பிடுங்கள்!" என்றது.

அதோடு விட்டதா? யார் எதைச் சொன்னாலும் திருத்தியது. தவளை கத்தினால், "சுருதி சரியில்லை!" என்றது. காகம் கரைந்தால், "பிரெஞ்சு மாதிரி மூக்கால் சொல், மூக்கால்!" என்றது. மைனாவைத்தான் அதிகம் கேலி செய்தது. மைனா எப்போதும் ஐந்தாவதோடு நின்றுவிடும்.

"ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாத அலகு! உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு?"

"வந்துவிடும், முசியே. இன்னும் நாலு நாள் போனால் வந்துவிடும்" என்று மைனா சிரித்துக்கொண்டே பறந்துவிடும்.

ஒருநாள் மத்தியானம் அணில் வாதாம் மரத்திலிருந்து இறங்கியது. கூட்டில் கண் திறக்காத மூன்று குட்டிகள். அவற்றுக்கு மெத்தை போடத் தேங்காய் நார் வேண்டும். குளத்தங்கரையில் நார் கிடந்தது. பக்கத்தில் பூனை படுத்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்து அணில் நாரை அள்ளியது.

பூனை தூங்கவில்லை. ஒரே பாய்ச்சல்! அணிலின் பிடரி அதன் வாயில்.

"ஐயோ, மைனா அக்கா! என் பிள்ளைகள்!" என்று அணில் கதறியது.

மைனா மர உச்சியிலிருந்து கீழ்க்கிளைக்கு வந்தது. "முசியே, விட்டுவிடுங்கள்! பச்சைக் குட்டிக்காரி!"

பூனை "உர்ர்" என்றது. வாய் நிறைய அணில் இருக்கும்போது வேறென்ன சொல்லும்? அப்படியே மதிலை நோக்கி நடந்தது. மதிலுக்கு அப்பால் போய்விட்டால் அணில் அவ்வளவுதான்.

மைனா ஒரு கணம் யோசித்தது. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

"சரி, உங்கள் விருப்பம். நான் என் பாடத்தைப் படிக்கிறேன். இன்றைக்கு 'தின்பது' என்ற வினை. அதுவும் கடந்ததற்கும் முன்னே கடந்துபோன காலம். 'அவன் வந்தபோது நான் தின்றிருந்தேன்' என்கிறோமே, அது!"

பூனையின் ஒரு காது திரும்பியது.

"அடியே, படிக்க நேரம் பார்த்தாயே!" என்று காகம் மேலிருந்து திட்டியது. மைனா அதைக் காதில் வாங்கவில்லை.

"ஜாவே மான்ஜே, நான் தின்றிருந்தேன்! தூ ஆவே மான்ஜே, நீ தின்றிருந்தாய்!"

பூனை நின்றுவிட்டது. சரிதான் என்று தலையை ஆட்டியது. வாயில் அணிலும் சேர்ந்து ஆடியது.

"இல் ஆவே மான்ஜே, அவன் தின்றிருந்தான்! நூ... நூ... நூ என்னவோ மான்ஜே!"

பூனையின் வால் தரையில் பட் பட்டென்று அடித்தது. மீசை துடித்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அணில் கண்ணை மூடிக்கொண்டது.

"ஆ, ஞாபகம் வந்துவிட்டது! நூஸாவியோன் மான்ஜே, நாம் தின்றிருந்தோம்! வூஸாவியே மான்ஜே, நீங்கள் தின்றிருந்தீர்கள்!"

அதோடு மைனா நிறுத்தியது. அலகால் இறகைக் கோதிக்கொண்டது.

"முடிந்தது! ஐந்தே ஐந்து. எவ்வளவு சுலபம்! தவளை மாமா, பாடம் முடிந்துவிட்டது!"

"முடிந்தது! முடிந்தது!" என்று தவளையும் கத்தியது.

பூனை ஓரடி வைத்தது. மறு அடி வைக்க முடியவில்லை. உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. ஆறாவது சொல்லாமல் பாடம் முடிந்ததாமே! அதைக் கேட்டுக்கொண்டு சும்மா போவதா?

"மூடர்களே! ஆறு! மொத்தம் ஆறு! இல்ஸாவே மான்ஜே! அவர்கள் தின்றிருந்தார்கள்!"

பூனை 'மான்ஜே'யைச் சொல்லி முடிப்பதற்குள் அணில் வாதாம் மரத்தின் உச்சியில் இருந்தது. நகங்களில் பற்றிய நாரையும் அது விடவில்லை.

"ஏமாற்றிவிட்டாயே, மைனா!" என்று பூனை சீறியது.

"நானா? நான் ஐந்தோடு நின்றேன், முசியே. பக்கத்தில் இருந்த நீங்கள் எடுத்துச் சொன்னீர்கள். வகுப்பு வழக்கம்தானே? ஆறாவது இனி எனக்கு மறக்கவே மறக்காது!"

காகம் சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து வழுக்கிவிட்டது.

தவளை நீரிலிருந்து தலையை நீட்டியது. "முசியே, சாப்பாடு ஆயிற்றா?"

பூனை வெறும் பாதத்தை நக்கிக்கொண்டு, "நீ கேட்பதற்கு முன்பே நான் தின்றிருந்தேன்" என்றது. அதன் வயிறு மட்டும் 'கடபுடா' என்று உண்மையைச் சொன்னது.

பிறர் பிழையைத் திருத்த வாய் துடிப்பவன் தன் வாயில் இருப்பதையும் இழப்பான்.