முதல் குடம்

தண்ணீர் வருமுன் காற்று வரும். வெறுங்குழாய் ஒரு தடவை செருமும். பிறகு மண்ணுக்கடியில் யாரோ பெருமூச்சு விடுவது போல நீளமாக ஊதும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆன பிறகும் ஆவுடையப்பனுக்கு அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

இது நடந்தபோது அவர் நகரத்துக் குடிநீர்ப் பரிசோதகர். வயது ஐம்பத்து மூன்று. வெள்ளிக்கிழமைதோறும் பண்டாரச் சந்தின் கோடியில் இருந்த சிறு மடத்துக்குப் போய் வடிவம்மையின் முன்னால் உட்காருவார். அவள் அவரைவிடப் பத்து வயது இளையவள். தீட்சை கொடுத்தவள் என்பதால் அவருக்கு அம்மா.

அந்தச் சந்தில் இரண்டு மாதமாக வயிற்றுப்போக்கு. குழாயில் சாக்கடை கலக்கிறது என்று பெண்கள் மனுக் கொடுத்தார்கள். ஆவுடையப்பன் நாலு தடவை வந்து மாதிரி எடுத்தார். நாலு தடவையும் தண்ணீர் சுத்தம் என்றே முடிவு வந்தது. அந்தத் தாளை வைத்து அலுவலகம் மனுவை மூடியது. சந்தில் அவருக்குச் 'சுத்தம் சார்' என்று பேர் விழுந்தது.

அந்தச் சந்தில் குடியிருந்த செல்லக்கனியின் மகள் பூரணி, நாலு வயது, பதினைந்து நாளாகப் படுத்த படுக்கை. குடித்ததெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி தொடங்கும்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கேட்டார்.

"அம்மா, நான் ஒரு பொய்யும் எழுதல. விதிப்படிதான் எடுத்தேன். இருந்தும் அந்தப் பிள்ளை வீட்டைத் தாண்டிப் போகக் கால் கூசுது. நான் எழுதின உண்மையில என்ன குறை?"

மறுநாள் தண்ணீர் வரும் நாள், விடிந்ததும் வாருங்கள் என்றாள் வடிவம்மை. பரிசோதனைப் புட்டி வேண்டாம், கண்ணாடித் தம்ளர் ஒன்று போதும் என்றாள்.

விடிந்தபோது குழாயடியில் முப்பது குடம் இருந்தது. மாதிரி எடுக்க அவர் வரும் நாட்களில் குடங்கள் ஒதுங்கும். அவர் குழாயைத் திறந்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிடம் நிற்பார். தண்ணீர் சாக்கடைக்கு ஓடும். பிறகு ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திக் குழாய் வாயைச் சுடுவார். அதன் பிறகுதான் புட்டியைப் பிடிப்பார். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. வரிசைக்குப் பின்னால் தம்ளரோடு நின்றார்.

"சுத்தம் சாரும் தம்ளரத் தூக்கிட்டு வந்துட்டாரு. அவுக வீட்டுலயும் தண்ணி வரல போல" என்றாள் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

குழாய் செருமியது. ஊதியது.

இருட்டோடு வந்து முதலில் குடம் வைத்திருந்தவள் முத்துராணி. அவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் திரும்பினாள்.

"ஏளா செல்லக்கனி, நீ வந்து பிடி. சொகமில்லாத பிள்ளை கெடக்க வீடு."

யாரும் முணுமுணுக்கவில்லை. அது அந்தச் சந்தின் வழக்கம். பிள்ளை பெற்றவள் வீடோ நோயாளி வீடோ இருந்தால் முதல் குடம் அங்கேதான். குழாயடியில் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டவர்கள்கூட அதை மீறியதில்லை.

செல்லக்கனி குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்தாள். வடிவம்மை அவளிடம் போய் நின்று, ஆவுடையப்பன் கையிலிருந்த தம்ளரை வாங்கி, அந்தக் குடத்துத் தண்ணீரில் நிறைத்து அவரிடமே நீட்டினாள்.

"குடிங்க."

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அரிசி களைந்த நீரின் நிறம். மூக்கருகே கொண்டுபோனவர் கையைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதைக் குடிக்கக் கூடாதும்மா."

"ஏன்?"

"இது மொதத் தண்ணி. குழாய் காலியாக் கெடக்கும்போது, ஓட்டை இருந்தா வெளிய இருக்க அசிங்கத்தை எல்லாம் உள்ள இழுத்து வச்சிருக்கும். மூணு நிமிஷமாவது திறந்து விட்டுட்டுத்தான் பிடிக்கணும்."

"யாரு சொன்னது?"

"விதியில இருக்கு."

"இவங்ககிட்ட யாரு சொன்னது?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த குடத்தை யாரும் வைக்கவில்லை. செல்லக்கனி இடுப்புக் குடத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆவுடையப்பன் அந்தக் குடத்தைத் தன் கையாலேயே வாங்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். கவிழ்த்த பிறகும் அதைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

வடிவம்மை அவர் அருகில் வந்தாள்.

"நீங்க எழுதினதுல பொய் இல்லை, ஐயா. நீங்க வந்த நாலு நாளும் சாக்கடைக்கு விட்ட தண்ணியைத்தான், மத்த நாளெல்லாம் இவங்க நோயாளிக்குன்னு பிடிச்சுக் கொடுத்தாங்க."

அவர் காலிக் குடத்தைச் செல்லக்கனியிடம் நீட்டினார்.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது அவர் முதல் தண்ணீரையே புட்டியில் பிடித்து அனுப்பினார். விதிப்படி எடுக்கப்படாத மாதிரி என்று அலுவலகம் திருப்பி அனுப்பியது. மறுபடி பிடித்தார், மறுபடி திரும்பியது. மூன்றாவது தடவை அனுப்பிய பிறகு ஆட்கள் வந்து தோண்டினார்கள். சாக்கடைக்கு அடியில் குழாய் ஒரு முழ நீளத்துக்கு அரித்துப் போயிருந்தது.

தோண்டியது ஆனி மாதம். பூரணி வைகாசியிலேயே இறந்துபோயிருந்தாள்.