அம்மாக்களுக்குச் சீறல் கிடைத்த கதை

அந்தக் காலத்தில், எருமையும் மனிதரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்ட காலத்தில், மலையடியில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. கைப்பிடி உடம்பு. அதற்குள் மலையளவு வாய்க்கொழுப்பு! யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அச்சு அசலாக அப்படியே பேசிவிடும். பருந்துபோல் கத்திக் கோழிகளைச் சிதறடிக்கும். தாய் ஆடுபோல் கத்திக் குட்டிகளைத் தெருத்தெருவாக அலையவிடும். அப்புறம் கிளையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிக்கும்.

அதற்கு ரொம்பப் பிடித்தவன் கொம்பையன். இரண்டரை வயது. இடுப்பில் அரைஞாண் கயிறு, வேறொன்றும் கிடையாது. மூச்சா வந்தால் வந்த இடம்தான் அவனுக்கு இடம். அடுப்படி, உரல், தூங்குகிற பூனை, எல்லாம் ஒன்று. அவன் அம்மா வெள்ளத்தாயி கையில் துணியோடு பின்னால் ஓடி ஓடியே பாதியாக இளைத்துவிட்டாள்.

ஒருநாள் காலை கரிச்சான் கொல்லைக் கடைசியில் இருந்த புற்றின்மேல் உட்கார்ந்தது. வெள்ளத்தாயி குரலில் கொஞ்சியது. "கண்ணு, இங்க வாடா! இந்த ஓட்டைக்குள்ள மூச்சா போடா ராசா!"

அம்மாதான் கூப்பிடுகிறாள் என்று கொம்பையன் குடுகுடுவென ஓடிவந்து நின்றான். சர்ர்ர்ர்!

சிரிக்கத் திறந்த வாயைக் கரிச்சான் மூட மறந்தது. புற்றுக்குள்ளிருந்து ஒரு நாகம் எழுந்தது. படத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"ஏ வெள்ளத்தாயி! வெளிய வா! ஏழு முட்டை! காத்துப் படாம, ஈரம் படாம வெச்சிருந்தேன். உன் மவன் பண்ணியிருக்கிற வேலையைப் பாரு!"

வெள்ளத்தாயி அலறி ஓடிவந்தாள். "சின்னப் பய, நாகாத்தா! விவரம் தெரியாது."

"தெரிய வை. பொழுது சாயறதுக்குள்ள இவன் ஒரு இடத்துல நின்னு போகப் பழகணும். இல்லே, கொத்திட்டுத்தான் மறுவேலை."

கரிச்சானுக்கு இறகெல்லாம் குத்திட்டு நின்றது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எல்லார் குரலும் வரும் தொண்டையில் அன்றைக்குச் சொந்தக் குரல் மட்டும் சிக்கிக்கொண்டது.

வெள்ளத்தாயி மகனை வாழைமரத்தடியில் நிறுத்தினாள். "போடா தங்கம்."

"வல்ல."

இளநீர் கொடுத்தாள். "இப்ப?"

"வல்ல."

சரி போகட்டும் என்று தூக்கி இடுப்பில் வைத்தாள். சர்ர்ர்! சேலை நனைந்தது.

சேதி பரவி, ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்தார்கள். "ஒரு காலைத் தூக்கச் சொல்லுங்கக்கா, தன்னால வரும்" என்றது நாய். கொம்பையன் காலைத் தூக்கினான். பொத்தென்று விழுந்தான். "நிக்கிறதே தப்பு. நடந்துகிட்டே போகணும்" என்றது எருமை. "மரத்து மேல ஏத்துங்க. கீழ யாரு தலைன்னு நமக்கென்ன?" என்றது காக்கை.

சூரியன் மலையைத் தொட்டது. புல் விலகியது. நாகம் வந்துவிட்டது.

அதற்குள் மூன்று இளநீர் குடித்திருந்த வயிறு பானைபோல் இருந்தது. கொம்பையனோ வாழையடியில் காலைப் பின்னிக்கொண்டு நின்றான். "வல்ல!"

படம் விரிந்தது. வெள்ளத்தாயி குறுக்கே பாய்ந்தாள். "என்னைக் கொத்து ஆத்தா!"

"நீயா வந்து நனைச்சே? தள்ளிக்கோ."

கரிச்சானுக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. வேறொரு நாகம் வந்திருப்பதாக நினைத்தால் இது திரும்புமே! வாழைக்குப் பின்னால் சர்ரென்று இறங்கியது. பிறந்ததிலிருந்து விடாத ஒரு சீறலை விட்டது.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!"

நாகம் திடுக்கிட்டுத் திரும்பியது. அதே நேரம் இன்னொரு சத்தமும் கேட்டது. கொம்பையன் குனிந்து, தன்னையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா! வதுது!"

சர்ர்ர்ர்ர்! வாழைமரத்தின் அடியிலேயே! மூன்று இளநீரும்!

"என் சத்தத்தைப் போட்டது யாரு?" என்றது நாகம்.

கரிச்சான் வெளியே வந்தது. "நான்தான். காலையில வெள்ளத்தாயி மாதிரி கூப்பிட்டு அவனைப் புத்துக்குள்ள மூச்சா போகவிட்டதும் நான்தான். பய மேல தப்பில்ல."

லபக்! கரிச்சான் எழும்பிப் பறந்தது. ஆனால் வாலின் நடுப்பகுதி நாகத்தின் வாயில் இருந்தது.

வெள்ளத்தாயி அதையெல்லாம் பார்க்கவேயில்லை. மகன் பின்னால் குனிந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "ஸ்ஸ்ஸ்..." இன்னும் நாலு சொட்டு விழுந்தது!

நாகம் இறகைத் துப்பிவிட்டுச் சிரித்தேவிட்டது. "அந்தச் சத்தம் என்னுது. உனக்கும் தந்தேன், வெச்சுக்கோ. ஆனா ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லணும். கேட்டா, பய நிக்கிறான்னு நாங்க முட்டையை ஒதுக்கிக்குவோம். சொல்லாம நிறுத்தினே..." படம் லேசாக விரிந்தது.

"சொல்றேன் ஆத்தா! என் பேத்திகளையும் சொல்லச் சொல்றேன்!"

அன்று முதல்தான் கரிச்சான் இரட்டைவால் குருவி ஆனது. அன்று முதல்தான், கொல்லையில் நிறுத்தினாலும் குளியலறையில் நிறுத்தினாலும், அம்மாக்கள் பையன் பின்னால் குனிந்து "ஸ்ஸ்ஸ்" என்கிறார்கள். எங்கேயோ ஒரு நாகம் அதைக் கேட்டு, முட்டைகளை அணைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து படுக்கிறது.