காய்ச்சல்ல தச்ச தொட்டில் போர்வை

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. அக்கா பேரு பூமயிலு, தங்கச்சி தனக்கொடி. அம்மா இல்லாத புள்ளைங்க. ம் கொட்டு, அப்போதான் சொல்லுவேன்.

தனக்கொடிக்கு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. பொறந்த புள்ளைக்குப் பழஞ்சேலைதானே மெத்துன்னு இருக்கும்? அதனால அம்மா சேலையக் கிழிச்சு ஒரு போர்வை தச்சா பூமயிலு. பாவம், அப்போ அவளுக்குச் சளிக்காய்ச்சல், தனியாக் கெடந்தா. லொக்கு லொக்குன்னு இருமுவா, ஒரு தையல் போடுவா. சின்னதுல மழை வந்தா அந்தச் சேலை முந்தானைக்குள்ளதான் ரெண்டு பேரும் ஒண்டுவாங்க. அத நெனச்சா அவளுக்குக் கண்ணு கலங்கும். சொல்ற எனக்கும்தான்.

அப்புறம் உடம்பு தேறி, போர்வையோட தங்கச்சி வீட்டுக்குப் போனா. காய்ச்சல் சேதி கேள்விப்பட்டிருந்த தனக்கொடி மாமியா வாசல்லயே மறிச்சா. "காய்ச்சல்ல தச்சதா? பச்சப் புள்ளைக்கு ஒட்டிக்கும்மா. அடுப்புல போடு!"

"ஐயோ, அது எங்கம்மா சேலை அத்தை!"ன்னா பூமயிலு.

அப்போ புள்ளையப் பாக்க வந்த நர்ஸம்மா சொன்னாங்க: "எரிக்க வேணாம். துணியில கிருமி ரொம்ப நாள் உசுரோட இருக்காது. சோப்புப் போட்டுத் துவைச்சு, நல்லாக் காயவச்சாப் போதும்."

பூமயிலு தொப்பு தொப்புன்னு துவைச்சா. "பத்தாது"ன்னா மாமியா. அப்புறம் வெந்நியில முக்குனா. "பத்தாது." அப்புறம் மொறுமொறுன்னு வெயில்ல காயவச்சா. அம்மா வாசம் போகுதேன்னு மோந்து மோந்து பாத்தா. "இன்னும் கொடியிலயே கெடக்கட்டும்"னு சொல்லிட்டு, மாமியா பேரன மடியில போட்டுக் கொஞ்சுனா பாரு... அச்சூ!

மறுபடியும் அச்சூ! நேத்துலருந்தே மாமியாவுக்குத் தொண்டை கரகரங்குதாம். அந்நேரம் பாத்து நர்ஸம்மா திரும்பவும் உள்ள வந்தாங்க. "நல்லா இருக்கே! துவைச்ச துணி வெளிய, தும்முற ஆளு உள்ளயா? துணிய விட ஆளுகிட்டருந்துதான்மா சீக்கிரம் ஒட்டும். புள்ளையக் குடுங்க!"

அப்புறமென்ன, போர்வை தொட்டிலுக்கு வந்துச்சு, மாமியா பின்கட்டு ரூமுக்குப் போனா. பூமயிலுதான் கஞ்சி கொண்டுபோய் வாசப்படியில வப்பா.

"புள்ள தூங்குறானா?"

"தூங்குறான் அத்தை."

அப்புறம் மாமியா கேட்டா: "நீயும் இப்படித்தானே தனியாக் கெடந்த? அவன நெனச்சுக்கிட்டேதான் தச்சியா?"

"ஆமா அத்தை."

மாமியா பெட்டியத் தொறந்து அவளோட பழஞ்சேலை ஒண்ண எடுத்தா. "எனக்கும் ஒரு ஊசி நூலு குடும்மா. துவைச்சே போத்துவோம்."

அவ்ளோதான் கண்ணு. கதை போர்வைக்குள்ள போயிருச்சு, நீயும் போ.