கொண்டல் அடித்த பதினொரு நாள்

எங்கள் பல்கலைக்கழக மீன்வளத் துறையில் நான் அலுவலக உதவியாளன். யாருக்காவது முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நடந்தால் நாற்காலி போடுவதும் வடைக்குச் சொல்வதும் என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக முப்பது வடைதான். அதிலேயே ரெண்டு மூணு மிஞ்சி என் பைக்குள் போகும்.

தேர்வு அறிவிப்பின் அடியில் ஒரு வரி உண்டு. ‘பொதுமக்கள் அனைவரும் கலந்துகொண்டு கேள்வி கேட்கலாம்.’ நானே எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். ஒருத்தர்கூட வந்து பார்த்ததில்லை. எப்படி வருவார்கள்? அதை ஒட்டுவது எங்கள் மாடிப்படிப் பலகையில்!

திருமேனி சாருக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டே ஏழு வருஷம் கருவாட்டை ஆராய்ச்சி செய்தார். பட்டம் வந்தால்தான் வேலை நிலைக்கும். அவருடைய நெறியாளர் ஜெசிந்தா மேடம் அவரைவிட ஒன்பது வயது இளையவர். குரு சிஷ்யனை ‘சார்’ என்பார், சிஷ்யன் குருவை ‘மேடம்’ என்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் அறிவிப்பில் கையெழுத்து வாங்க வந்தார் திருமேனி.

“ரேடியோவுல கருவாடு பத்திப் பேசக் கூப்பிட்டாங்க மேடம். மாட்டேன்னுட்டேன்.”

“ஏன் சார்?”

“ஜனங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா ஆராய்ச்சியோட தரம் குறைஞ்சு போகாதா?”

மேடம் பதில் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். அறிவிப்பில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணே, பசை இருக்கா?”

கொடுத்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தேர்வு அன்று காலை பத்து மணிக்கு வாசலில் ரெண்டு லோடு ஆட்டோ வந்து நின்றது. பத்தொன்பது பெண்கள் இறங்கினார்கள். கருவாட்டு மார்க்கெட் மொத்தமும் வந்த மாதிரி இருந்தது. வாசனையும் கூடவே வந்தது. வருகைப் பதிவேட்டில் ‘பதவி’ என்ற இடத்தில் முதல் ஆள் ‘கருவாடு’ என்று எழுதினார். மற்றவர்கள் அதற்குக் கீழே வரிசையாக ‘மேற்படி’ போட்டார்கள்.

திருமேனிக்கு முகமே செத்துப்போச்சு.

“மேடம், இவங்க எதுக்கு?”

“மார்க்கெட்ல நோட்டீஸ் பார்த்து வந்திருக்காங்க சார். நாமதான கூப்பிட்டோம்?”

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வைகுந்தநாதன் லேசுப்பட்டவர் இல்லை. போன வருஷம் ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பியவர். அவர் முன்னால் திருமேனி இங்கிலீஷில் நாற்பது நிமிஷம் பேசினார். படம் மேல் படம், கோடு மேல் கோடு. அந்தப் பெண்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தேர்வாளர் கொட்டாவி விட்டார்.

கடைசியில் ஃபைலை மூடிக்கொண்டே, “பார்வையாளர்கள் யாருக்காவது கேள்வி இருக்கா?” என்றார். அது சடங்கு. அதைக் கேட்டதும் நான் வடைத்தட்டைத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டேன்.

ஒரு கை உயர்ந்தது. மிக்கேலம்மாள். முதலில் ‘கருவாடு’ என்று எழுதியவர்.

“சார் பேசினது ஒண்ணும் வெளங்கலை. என்னதான் கண்டுபிடிச்சீய?”

திருமேனி திரையைப் பார்த்துத் திரும்பினார். திரை இருட்டிவிட்டது. சுவிட்ச் பக்கத்தில் ஜெசிந்தா மேடம் உட்கார்ந்திருந்தார்.

“படம் வேண்டாம் சார். அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க.”

திருமேனி பெண்கள் பக்கம் திரும்பினார். “மணல்ல காயப்போடாம, இடுப்பு உயரத்துக்கு வலை கட்டி அதுமேல காயப்போட்டா சீக்கிரம் காயும்மா. மண்ணு ஒட்டாது. புழுவும் குறையும்.”

“அது சரி. கொண்டல் அடிச்சா?”

கொண்டல் என்றால் கிழக்கே கடலிலிருந்து ஈரத்தோடு வருகிற காற்று. திருமேனி தேர்வாளரை ஒரு பார்வை பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். அவர் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

“பதினொரு நாள் கொண்டல் அடிச்சுதும்மா,” என்றார் மெதுவாக. “எனக்கும் புழு வச்சுருச்சு. வலைமேல போட்டும் வச்சுருச்சு.”

போச்சுடா, ஏழு வருஷமும் போச்சு என்று நினைத்தேன். பெண்கள் பக்கமிருந்து ஒரே சிரிப்பு.

“அப்படிச் சொல்லுங்க! எங்களுக்கு மட்டுந்தான் வைக்குன்னு நெனச்சோம்.”

அந்தச் சிரிப்பில் திருமேனிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அடுத்த தடவை கொண்டல் அடிச்சப்ப மீனை முதுகுப் பக்கமாக் கீறி, உப்புத் தண்ணியில இன்னொரு நாள் கூடப் போட்டு வச்சேன். அப்புறந்தான் வலைக்கு ஏத்தினேன். புழு வைக்கலை.”

“எத்தனை தடவை செஞ்சு பாத்தீய?”

“ஒன்பது தடவை.”

“சாளைக்கா, நெத்திலிக்கா?”

“சாளைக்கு. நெத்திலியைக் கீற முடியாதே.”

“ஆங்! அது தெரிஞ்சா சரி.”

பிறகு பிடித்தது பாருங்கள் கேள்வி மழை! உப்பு எவ்வளவு, கல்லுப்பா தூளுப்பா, வலைக்கு எந்த அளவுக் கண்ணி, மேகம் போட்டால் மூடலாமா. ஒருத்தி கேட்டு முடிப்பதற்குள் அடுத்தவள் எழுந்தாள். அவரும் விடவில்லை, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். ஏழு வருஷத்தில் அந்த மனுஷன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

வைகுந்தநாதன் மூடின ஃபைலைத் திறந்தார்.

“கொண்டல் விஷயம் உங்க தீசிஸ்ல எங்க இருக்கு?”

“பின்னிணைப்புல, சார். கடைசி அட்டவணை.”

“ஏன் அங்க போய் ஒளிச்சு வச்சீங்க?”

“முதல்ல தோத்த கதை சார். தரம் குறைவா தெரியும்னு...”

தேர்வாளர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

“இதுதாங்க உங்க ஆராய்ச்சி. நான் கேக்க வேண்டியதை அந்த அம்மா கேட்டுட்டாங்க.”

அங்கேயே கையெழுத்துப் போட்டார். பட்டம் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். “டாக்டரே, திங்கக்கெழமை மார்க்கெட்டுக்கு வாங்க, வலை கட்டணும்,” என்றார் மிக்கேலம்மாள். வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்த திருமேனி அழுதுவிட்டார்.

வடை பத்தவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை! எனக்கே கிடைக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

ஆட்டோக்கள் போன பிறகு திருமேனி மேடத்திடம் வந்தார்.

“தரம் குறையாதான்னு அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே மேடம்.”

ஜெசிந்தா மேடம் வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“எப்பவும் ஒருத்தர் சோதிப்பார். இன்னைக்கு இருபது பேர் சோதிச்சாங்க. எங்க குறைஞ்சிருக்கு, காட்டுங்க சார்.”